புண்படுத்தியவரை நேசிக்கத் தொடங்குவது எப்படி: புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

வடசென்னையில் எங்கள் சபையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு மணி நேர வகுப்பு நடத்தி வருகிறேன். ஞானஸ்நானம், திருவிருந்து, திரித்துவம் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது அமைதியாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறவர்கள்கூட, பகைவரை நேசிக்கச் சொல்லும் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதிக்கு வந்ததும் வாய் திறந்துவிடுகிறார்கள். சொத்தில் பங்கு தராமல் ஏமாற்றிய அண்ணன், பிரசவ நேரத்தில் சொன்ன ஒரு சொல்லுக்காக இருபது வருடமாகியும் வருந்தாத மாமியார், தன் தவறைப் பிறர் தலையில் கட்டிவிட்டுப் பதவி உயர்வு வாங்கிக்கொண்ட மேலாளர், கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து பேச்சை நிறுத்திவிட்ட அப்பா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. "இவரையா நேசிக்க வேண்டும், எப்படி ஐயா?" என்று கேட்கிறார்கள். அந்த "எப்படி" என்ற கேள்விக்கு வகுப்பில் நான் சொல்லி வருவதையே இங்கே எழுதுகிறேன். வாசிப்பதற்கு அரை மணி நேரம் போதும். செய்து முடிக்க எனக்கே பல மாதங்கள் ஆயின என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடங்குவதற்கு முன், கட்டளை எதைக் கேட்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், மத்தேயு 5:44 இப்படி இருக்கிறது: "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள், உங்களைச் சபிக்கிறவர்களை ஆசீர்வதியுங்கள், உங்களைப் பகைக்கிறவர்களுக்கு நன்மை செய்யுங்கள், உங்களை நிந்திக்கிறவர்களுக்காகவும் உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காகவும் ஜெபம்பண்ணுங்கள்." இதில் நான்கு வினைச்சொற்கள் இருக்கின்றன. சிநேகியுங்கள் என்ற முதல் சொல் எப்படி நடக்க வேண்டும் என்பதை அடுத்து வரும் மூன்று சொற்கள் காட்டுகின்றன: ஆசீர்வதிப்பது வாயின் வேலை, நன்மை செய்வது கையின் வேலை, ஜெபிப்பது முழங்காலின் வேலை. அவரைப் பார்த்ததும் உங்கள் உள்ளம் பூரிக்க வேண்டும் என்று ஆண்டவர் அந்த வசனத்தில் எங்கும் சொல்லவில்லை. உணர்ச்சியைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது, செயலைக் கட்டளையிடலாம். இதைப் புரிந்துகொள்ளாததால்தான் பலர், மனதில் பாசம் ஊறும்வரை காத்திருந்து, அது ஊறாமற்போகவே, நான் நல்ல கிறிஸ்தவன் இல்லை என்று சோர்ந்துபோகிறார்கள். அன்பை நாம் வாயிலும் கையிலும் தொடங்கலாம். மனம் தன் வேகத்தில் பின்னால் வந்து சேரும்.

முதல் படி, நடந்த குற்றத்துக்குத் தேவனுக்கு முன்பாக அதன் உண்மையான பெயரைச் சொல்வது. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தாம் அதிகம். "போகட்டும், ஒன்றுமில்லை" என்று சொல்வதையே மன்னிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். ஒன்றுமில்லாததை மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது? மத்தேயு 18-இல் ஆண்டவர் சொன்ன உவமையை ஊன்றிப் படியுங்கள். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டு, அது முழுவதும் மன்னிக்கப்பட்டவன் ஒருவன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆகவே நூறு வெள்ளிப்பணம் என்பது மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு. எந்தக் குடும்பத்துக்கும் அது அற்பத் தொகை அல்ல. உங்களுக்கு நேர்ந்த இழப்பை ஆண்டவர் சிறிதாக்கிப் பேசவில்லை. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம் என்பதால், பதினாயிரம் தாலந்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த நூறு சிறிதாகத் தெரிகிறது. முதலில் நூறு என்பதை நூறு என்றே எண்ணிச் சொல்ல வேண்டும். பிறகுதான் அதை விட்டுக்கொடுக்க முடியும்.

என் கதையைச் சொல்கிறேன். என் மனைவியின் தம்பி ஒரு கடை வைப்பதற்காக என்னிடம் 1,20,000 ரூபாய் கைமாற்றாக வாங்கினார். இரண்டு வருடம் கழித்து ஒரு நிச்சயதார்த்த வீட்டில் பேச்சு வந்தபோது, பந்தியில் உட்கார்ந்திருந்த உறவினர்கள் அத்தனை பேர் முன்பாகவும், "அது அக்காவுக்குச் சேர வேண்டிய பங்கைச் சரிக்கட்டியது, கடன் எங்கே வந்தது?" என்று கேட்டுவிட்டார். இலையில் பாயசம் ஊற்ற வந்தவர் கரண்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு பல மாதங்கள், "பணம்தானே, போனால் போகட்டும், நான் மன்னித்துவிட்டேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். ஒரு நாள் இரவு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, நடந்ததைத் தேவனுக்குக் கடிதம் எழுதுவதுபோல எழுதினேன். நான்காவது வரி எழுதும்போதுதான் உண்மை வெளியே வந்தது: பணம் போனதைவிட, நாற்பது பேர் முன்பாக அவர் என்னைப் பொய்யனாக்கியதுதான் எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. இல்லாத கடனை மன்னித்துக்கொண்டு, இருந்த கடனைத் தொடாமலே விட்டிருந்தேன்.

ஆகவே ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். அவர் என்ன செய்தார், அதனால் நீங்கள் எதை இழந்தீர்கள், எந்தச் சொல் இன்னும் குத்துகிறது என்பதை மழுப்பாமல் எழுதுங்கள். இப்படிப் புலம்புவது விசுவாசக் குறைவு அல்ல. "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" என்று தொடங்கி, தன்னோடு ஆலயத்துக்குப் போன தோழனே தன்னைக் காயப்படுத்தியதைச் சங்கீதம் 55 கொட்டித் தீர்க்கிறது. எழுதி ஜெபித்து முடித்த தாளைக் கிழித்துவிடுங்கள். வீட்டில் வேறொருவர் கையில் அது கிடைக்க வேண்டாம்.

அதே நேரத்தில் செய்ய வேண்டிய இரண்டாவது காரியம் நாவைக் காப்பது. கோபம் வருவதைப் பவுல் பாவம் என்று சொல்லவில்லை. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்றுதான் எபேசியர் 4:26-இல் எழுதுகிறார். கோபத்துக்கும் பாவத்துக்கும் நடுவில் இருக்கிற கதவு பெரும்பாலும் வாய்தான். இந்தக் காலத்தில் கட்டைவிரலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புண்பட்ட அன்று எந்தச் செய்திக்கும் பதில் அனுப்பாதீர்கள். குறிப்பாகக் குரல் பதிவு அனுப்பாதீர்கள், ஏனென்றால் அது இன்னும் ஐந்து பேரிடம் போய்ச் சேரும், உங்கள் குரலின் நடுக்கத்தோடும் சூட்டோடும் சேரும்.

நம்மிடையே உள்ள இரண்டு பழக்கங்களை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒன்று, சண்டை நடந்த மறுநாள் காலையில் "உனக்கு விரோதமாய் உருவாக்கப்படும் எந்த ஆயுதமும் வாய்க்காதேபோம்" என்பதுபோன்ற வசனத்தை, இன்னார் பார்க்க வேண்டும் என்றே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது. ஆறுதலுக்காகக் கொடுக்கப்பட்ட வேதவாக்கியத்தைக் கல்லாக எடுத்து எறிகிறோம். மற்றொன்று, வீட்டு ஜெபக் கூட்டத்தில் "பெயர் சொல்ல விரும்பவில்லை, ஆனால் ஒரு சகோதரிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கி, அந்தச் சகோதரி யார் என்பது எல்லாருக்கும் விளங்கும்வரை விவரம் சொல்வது. இவை இரண்டும் பக்தியின் உடையில் வருவதால், புதியவர்கள் இவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். தயவுசெய்து கற்றுக்கொள்ளாதீர்கள். மனப்பாரத்தை இறக்கி வைக்க ஒருவர் வேண்டும் என்றால், இரகசியம் காக்கிற முதிர்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் மட்டும் பேசுங்கள். சபையின் ஆயரோ, வேறு பகுதியில் வாழும் ஓர் அக்காவோ அதற்குப் பொருத்தமானவராக இருக்கலாம்.

மூன்றாவது படி, அந்த மனிதருக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பது. "அவரைத் திருத்தும் ஆண்டவரே" என்று தொடங்குவது பெரும்பாலும் நம் வழக்கைத் தேவனிடம் வாதிடுவதாகவே முடிந்துவிடும். முதலில் பெயரை மட்டும் சொல்லுங்கள். அதுவே சில நாட்களுக்குக் கடினமாக இருக்கும். பிறகு, உங்களுக்கு எதுவெல்லாம் வேண்டும் என்று கேட்பீர்களோ அதையே அவருக்கும் கேளுங்கள்: உடல் சுகம், பிள்ளைகளின் படிப்பு, கடன் தீருதல், நிம்மதியான உறக்கம். நான் அலுவலகத்துக்குப் புறநகர் ரயிலில் போகிறவன். பெரம்பூரில் ஏறியதும் மைத்துனரின் பெயரைச் சொல்ல வேண்டும், வியாசர்பாடி ஜீவா வருவதற்குள் அவருக்காக ஒரே ஒரு வாக்கியம் ஜெபிக்க வேண்டும் என்று ஒரு சிறு ஒழுங்கை வைத்துக்கொண்டேன். முதல் பத்து நாட்கள் பெயருக்கு மேல் ஒன்றும் வரவில்லை. பேசின் பிரிட்ஜ் அருகே வண்டி சிக்னலுக்காக நின்ற ஒரு காலையில், நேரம் கிடைத்ததால் இன்னொரு வாக்கியம் சேர்த்தேன்: அவர் கடைக்கு இன்றைக்கு நல்ல வியாபாரம் நடக்கட்டும். சொல்லும்போது தொண்டை அடைத்தது, விருப்பமில்லாமல்தான் சொன்னேன். நான்கு மாதம் கழித்து, அவருடைய மகள் டெங்குக் காய்ச்சலோடு மருத்துவமனையில் இருக்கிறாள் என்ற செய்தி வந்தபோது, "ஐயோ, தட்டணுக்கள் எவ்வளவு இருக்கிறதாம்?" என்று கேட்டுவிட்டேன். அவரோடு எனக்கு வழக்கு இருக்கிறது என்பது அதற்குப் பிறகே நினைவுக்கு வந்தது. எந்த நாளில் அந்த மாற்றம் நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான்காவது படியைத்தான் நம் ஊரில் அதிகமாகத் தவிர்க்கிறோம்: நேரில் போய்ப் பேசுவது. இரண்டு வசனங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். மத்தேயு 5:23-இல், பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு நீ போ என்கிறார். மத்தேயு 18:15-இல், உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் "அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்கிறார். தவறு என்னுடையதாக இருந்தாலும் நானே போக வேண்டும், அவருடையதாக இருந்தாலும் நானே போக வேண்டும். "அவர் முதலில் வரட்டும்" என்று சொல்லி உட்கார்ந்திருக்க இரண்டு இடத்திலும் இடமில்லை.

போகும்போது தனியாகப் போங்கள். மனைவியையோ மூத்தவர்களையோ அழைத்துப் போனால், எதிரில் இருப்பவர் தன்னைச் சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று நினைப்பார். ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவது, தனியாகப் பேசியது பயன்படாதபோது செய்ய வேண்டியது. சபைக்குத் தெரிவிப்பது அதற்கும் பிறகு. அந்த வரிசையை ஆண்டவரே மத்தேயு 18-இல் சொல்லியிருக்கிறார், நாம்தான் அதைத் தலைகீழாக்கி, முதலில் ஊருக்கும் கடைசியில் உரியவருக்கும் சொல்கிறோம். விசேஷ வீடுகளையும் சாப்பாட்டு நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுங்கள். "நீ எப்போதுமே இப்படித்தான்" என்ற வாக்கியம் வாயில் வந்தால் அதை விழுங்கிவிடுங்கள். அவருடைய நோக்கத்தை நீங்கள் சொல்லாதீர்கள். செயலையும் அதனால் உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள். நான் பேசியது ஏறக்குறைய இப்படி: "தம்பி, அன்றைக்குப் பந்தியில் நீ சொன்னது என்னை எல்லார் முன்பும் பொய் சொல்கிறவனாக நிறுத்திவிட்டது. அது எனக்கு மிகவும் வலித்தது. உன்னோடு பேசாமல் இருக்க எனக்கு விருப்பமில்லை, அதனால்தான் வந்தேன். உன் பக்கத்தில் என்ன நடந்தது என்று சொல்." அதற்கு மேல் பேசாமல் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதைக் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தன் அப்பாவின் மருத்துவச் செலவை நான் பகிர்ந்துகொள்ளவில்லை என்ற வருத்தம் பல வருடமாக அவருக்குள் இருந்திருக்கிறது. அதை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். அதில் என் தவறும் இருந்தது, அதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னிடம் கேட்கவில்லை. "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று ரோமர் 12:18-இல் பவுல் எழுதும்போது, "கூடுமானால்", "உங்களாலானமட்டும்" என்று இரண்டு முறை எல்லை கட்டியிருப்பதன் அருமை அன்று வீடு திரும்பும் வழியில் எனக்குப் புரிந்தது.

அடுத்தது கையின் வேலை. பெரிதாக ஒன்றும் வேண்டாம். "உன் சத்துருவின் மாடாவது அவனுடைய கழுதையாவது தப்பிப்போகக் கண்டாயானால், அதைத் திரும்ப அவனிடத்தில் கொண்டுபோய் விடுவாயாக" என்று யாத்திராகமம் 23:4 சொல்கிறது. மத்தேயு 5-இல் தொடங்கும் மலைப் பிரசங்கத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய நியாயப்பிரமாணத்திலேயே, பகைவனின் கழுதைக்காக நடக்க வேண்டிய தூரம் எழுதப்பட்டிருக்கிறது. நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கழுதை இல்லை. மொட்டை மாடி இருக்கிறது. ஐப்பசி மாதத்தில் திடீரென்று வானம் இருண்டு முதல் சொட்டுகள் விழும்போது, துணி எடுக்க ஓடுகிறீர்கள். பக்கத்துக் கொடியில், வண்டி நிறுத்தும் இடத்துக்காக ஆறு மாதமாக உங்களோடு முகங்கொடுத்துப் பேசாத கீழ்வீட்டுக்காரரின் பள்ளிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றையும் எடுத்து மடித்து, படிக்கட்டில் நனையாத இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதை யாரிடமும் சொல்லாதீர்கள். ஜெபக் கூட்டத்தில் சாட்சியாகவும் சொல்லாதீர்கள். பிதா தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார், நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார் என்று அதே மத்தேயு 5-இல் வருகிறது. அந்த மழையில் நனையவிருந்த பகைவரின் துணியை எடுத்து வைக்கிற கை எந்தப் பிதாவின் பிள்ளைக்கு உரியது என்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.

கருத்து வேறுபாடு வேறு, காயம் வேறு

இதுவரை சொன்னது நமக்குத் தீங்கு செய்தவர்களைப் பற்றியது. நம்மோடு ஒத்துப்போகாதவர் நமக்குத் தீங்கு செய்தவர் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதுதான் புதிய விசுவாசிகள் வீட்டில் செய்யும் பெரிய தவறு என்று கருதுகிறேன். என் வகுப்புக்கு வந்த ஒரு தங்கை, ஞானஸ்நானம் எடுத்த உற்சாகத்தில், வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து அம்மா கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கல் தட்டை ஒதுக்கித் தள்ளி, "இதையெல்லாம் நான் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அன்று முதல் இருவருக்கும் பேச்சு இல்லை. "விசுவாசத்துக்காகத்தானே நான் துன்பப்படுகிறேன்?" என்று என்னிடம் கேட்டாள். அம்மா உனக்கு என்ன துன்பம் செய்தார் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒன்றுமில்லை என்றாள்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். படைத்ததை உண்பது உன் மனச்சாட்சிக்கு இடறலாக இருந்தால் உண்ண வேண்டாம். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லும் நேரமும் குரலும் உன் கையில் இருக்கின்றன. பூஜை நடக்கும் நாளில் பேசாமல், முந்தின நாள் மாலையில் சமையலறையில் அம்மாவுக்குத் துணையாக நின்றுகொண்டு, "அம்மா, படைத்ததை மட்டும் என்னால் சாப்பிட முடியாது, உங்கள் கையால் சமைத்தது எனக்கு வேண்டும்" என்று சொல். மாறாத அந்த ஒரு காரியத்துக்கு ஈடாக, மற்ற எல்லாவற்றிலும் முன்னைவிட நல்ல மகளாக இரு. அவள் அப்படியே செய்தாள். இட்லிக்கு மாவு அரைப்பதும், ரேஷன் கடை வரிசையில் நிற்பதும், மூட்டுவலிக்குத் தைலம் தேய்ப்பதும் அவள் வேலையாயின. இரண்டு மாதம் கழித்து வகுப்புக்கு வந்தபோது, அம்மா இப்போது படைப்பதற்கு முன்பாகவே ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில் தனக்கென்று பொங்கலை எடுத்து மூடி வைக்கிறார் என்று சொல்லி அழுதாள். அம்மாவின் நம்பிக்கை மாறவில்லை, மகளின் விசுவாசமும் மாறவில்லை. நடுவில் அந்த டப்பா வந்திருக்கிறது.

அரசியலிலும், சபைக் காரியங்களிலும், திருமணச் சம்பந்தங்களிலும் வரும் வேறுபாடுகளுக்கு இதே ஒழுங்கு பொருந்தும். யாக்கோபு 1:19, "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" இருக்கச் சொல்கிறது. இதை நடைமுறையில் எப்படிச் செய்வதென்றால், உங்கள் மறுப்பைச் சொல்வதற்கு முன், அவருடைய கருத்தை உங்கள் வாயால் ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள். "ஆமாம், அதைத்தான் சொல்கிறேன்" என்று அவர் தலையசைத்த பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலான விவாதங்கள், அவர் சொல்லாத ஒன்றை நாம் மறுப்பதால்தான் சண்டையாகின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தேர்தலைப் பற்றி மாமா போடும் செய்திக்கு அங்கேயே பதில் எழுதாமல், தொலைபேசியில் அழைத்துப் பேசிப் பாருங்கள். பாதி நேரம் மாமாவின் இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவீர்கள், அதுவும் நல்லதே.

குழந்தை ஞானஸ்நானமா முழுக்கு ஞானஸ்நானமா என்ற கேள்வியில், ஒரே வீட்டுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் இரட்சிக்கப்படாதவர் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுக்கு நம் நகரத்தின் வரலாற்றை நினைவூட்டுவது வழக்கம். கதீட்ரல் சாலைக்குப் பெயர் தந்த செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன் சபையும், மெதடிஸ்டு சபையும், பிரெஸ்பிட்டேரியன் மற்றும் காங்கிரிகேஷனல் சபைகள் முன்பே கலந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் அன்று ஒன்றாயின. அந்தப் பேச்சு 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கியது; அதாவது 28 வருடம் பேசினார்கள். பேராயர்கள் வேண்டுமா, பேராயரின் கையால் அபிஷேகம் பெறாத ஆயர்களை ஏற்கலாமா என்பது சிறிய கேள்வி அல்ல. இருக்கிற ஆயர்களை எல்லாரும் ஏற்றுக்கொள்வது, இனிமேல் வருகிறவர்களுக்குப் பேராயரே அபிஷேகம் செய்வது என்று ஒரு வழி கண்டார்கள். இன்றைய ஆந்திராவின் நந்தியால் பகுதியில் ஆங்கிலிக்கன் விசுவாசிகள் பலர் அப்போதும் சேரவில்லை. 28 வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து கருத்து வேறுபட முடிந்தவர்களின் பிள்ளைகள் நாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் நம்மால் முடியாதா?

விலகி நிற்க வேண்டிய இடம்

இந்தப் பகுதியைச் சொல்லாமல் யாரையும் வகுப்பிலிருந்து அனுப்புவதில்லை. கணவன் அடிக்கும் வீட்டில் சகித்துக்கொண்டு இருப்பதை அன்பு என்று சொல்லி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது பாவம். குழந்தையைத் தவறாகத் தொட்டவரை, மன்னித்தாயிற்று என்று சொல்லி மறுபடி வீட்டுக்குள் விடுவதும் பாவம். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன ஆண்டவரே, பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் அறைந்தபோது, "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று நியாயம் கேட்டார் என்பதை யோவான் 18:23-இல் வாசிக்கிறோம். தாவீது, தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவை எங்கேதி குகையில் கொல்லாமல் விட்டான்; சவுல் சத்தமிட்டு அழுதான்; ஆனாலும் தாவீது அவனோடு அரண்மனைக்குத் திரும்பவில்லை, தன் மனிதரோடு அரணிப்பான இடத்துக்கு ஏறிப்போனான் என்று 1 சாமுவேல் 24 முடிகிறது. மன்னிப்பை ஒருவர் தனியாகவே கொடுக்கலாம். உறவு மறுபடி ஒட்டுவதற்கு இருவர் வேண்டும், அதற்கு மனந்திரும்புதலும் காலமும் வேண்டும்.

சட்டத்தின் உதவியை நாடுவதும் மன்னிப்புக்கு எதிரானது அல்ல. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனெரி கிரகாம் ஸ்டெயின்ஸும், பிலிப், தீமோத்தேயு என்ற அவருடைய இரண்டு சிறு பிள்ளைகளும் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று அறிவித்து, பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்கான பணியில் தொடர்ந்து நின்றார். வழக்கும் தன் வழியில் நடந்தது. முதன்மைக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த அம்மையாரின் மன்னிப்பும் நீதிமன்றத்தின் தீர்ப்பும் ஒன்றை ஒன்று தடுக்கவில்லை. ஆகவே வீட்டில் வன்முறைக்கு உள்ளாகிற பெண்கள் 181 என்ற எண்ணையும், குழந்தைகளுக்காக 1098 என்ற எண்ணையும், உடனடி ஆபத்தில் 112 என்ற எண்ணையும் தயங்காமல் அழையுங்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபின், அங்கிருந்து முதல் படியைத் தொடங்கலாம், அவசரமில்லை.

ஆபத்து இல்லாத இடத்திலும் எல்லை தேவைப்படும். என் மைத்துனர் அடுத்த வருடம் மறுபடி கடன் கேட்டார். பணமாகக் கொடுக்க முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டு, மகளின் அந்தப் பருவத்துப் பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியிலேயே போய்க் கட்டினேன். கடன் கொடுத்து மறுபடி கசப்பை வளர்ப்பதைவிட, திரும்பக் கேட்கத் தேவையில்லாத ஒன்றைக் கொடுப்பது இருவருக்கும் நல்லது என்று தோன்றியது.

கடைசியாக, இந்தப் படிகள் ஒரு முறை ஏறி முடிப்பவை அல்ல. எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழு தரமா என்று பேதுரு கேட்டதற்கு, ஏழெழுபது தரம் என்று ஆண்டவர் பதில் சொன்னார். புதிய புதிய குற்றங்களைப் பற்றியது மட்டும் என்று இதை நெடுநாள் நினைத்திருந்தேன். பழைய ஒரே குற்றம் நினைவில் திரும்ப எழும் ஒவ்வொரு தரமும் அந்தக் கணக்கில் சேரும் என்று இப்போது படுகிறது. திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை இரவில் பத்து நிமிடம் ஒதுக்கி, யார் பெயரைச் சொல்ல மனம் இடறுகிறது என்று பாருங்கள். இடறினால் பதற வேண்டாம். தாளை எடுத்து மறுபடி முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

சென்ற தை மாதத்தில் அண்ணா நகரில் ஒரு திருமண வரவேற்பில் மைத்துனரைப் பார்த்தேன். என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், பக்கத்தில் இருந்த சம்பந்தியிடம், "மாமா பணக் கணக்கில் ரொம்பக் கறார்" என்று சொன்னார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பாயசக் கரண்டி மேலே நின்ற அந்தப் பழைய பந்தி அப்படியே கண்முன் வந்தது, பழைய படபடப்பும் வந்தது. வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து நான்கு வரி எழுதி, கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை பெரம்பூரில் வண்டி ஏறியதும் அவர் பெயரைச் சொன்னேன். வியாசர்பாடி ஜீவா வருவதற்குள் வாக்கியமும் வந்தது.